ஆறு வார ஓய்வுக்கு எந்தத் துப்பறியும் கதை?

அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. "டேய், ஆறு வாரம் வெளியே எங்கேயும் போகக் கூடாதுன்னுட்டாங்க. செல்போனையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு எரியுது. நல்ல கொலைக் கதையா நாலு எடுத்துட்டு வா. கடைசியில ஏமாத்தாத கதையா இருக்கணும், சொல்லிட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அலமாரி முன்னால் போய் நின்றபோதுதான் கை ஓடவில்லை. துப்பறியும் கதை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்தாறு வகை. அக்கா இளவயதில் மாத நாவல்களை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் பாதியை முடித்தவள். அப்புறம் கல்யாணம், தபால் ஆபீஸ் வேலை, பிள்ளைகள் என்று இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் ஒரு நாவலைக்கூட அவள் முழுசாகப் படித்ததில்லை. ரிட்டயர்டு ஆன பிறகு இப்போதுதான் தானாகக் கேட்கிறாள். முதல் புத்தகம் சரியாக அமையாவிட்டால் திரும்பவும் போனுக்கே போய்விடுவாள் என்கிற கவலை எனக்கு நிஜமாகவே இருந்தது.

நான் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மர்ம நாவல் படிக்கிறவன். விமர்சகன் இல்லை, ஆனால் இந்த வகைக் கதைகள்மேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆகவே ஒவ்வொன்றையும் அவளுடைய நிலைமையில் வைத்து யோசித்தேன். பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போனதும் முழங்காலில் இருபது நிமிஷம் ஐஸ் பை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. காலை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிற அந்த இருபது நிமிஷம்தான் அவளுக்குப் படிக்கிற நேரம். அதனால் அத்தியாயம் சின்னதாக இருக்க வேண்டும். படுத்தபடி ஒரு கையில் பிடிக்கிற கனம்தான் இருக்க வேண்டும். காலையில் படித்த பெயர் மாலையில் நினைவில் நிற்க வேண்டும். அப்புறம் அவள் போட்ட நிபந்தனை: ஏமாற்றக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் பெரியது. திடீரென்று முடிவு வருவதை ஏமாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். முந்நூறு பக்கம் நம்மை யோசிக்க வைத்துவிட்டு, கடைசியில் நம்மிடம் சொல்லாத ஒரு தகவலை வைத்து முடிச்சை அவிழ்ப்பதுதான் ஏமாற்று. எழுத்தாளர் எல்லாச் சீட்டையும் மேஜைமேல் போட்டுவிட்டு ஆட வேண்டும். இதை வைத்துச் சண்டை போட்டவர்கள் 1920களிலேயே இருந்திருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்கிற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளே போட்டார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கு உடனே காட்டிவிட வேண்டும், ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, இரட்டைப் பிறவிகளை முன்னறிவிப்பு இல்லாமல் நுழைக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியல். நம் சினிமாக்காரர்களுக்கும் அந்தக் கடைசி விதியைச் சொல்ல வேண்டும்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அகதா கிறிஸ்டி. நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன். 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எந்த விஷம் எந்த அளவில் என்ன செய்யும் என்பது அவருக்கு விரல்நுனியில். 1920இல் வந்த முதல் நாவலிலேயே கொலை விஷத்தால்தான். நேர்மையான ஆட்டம் வேண்டும் என்றால் இவரை மிஞ்ச ஆளில்லை என்பது என் தீர்மானமான கருத்து. 1926இல் வந்த ரோஜர் அக்ராய்ட் கொலை பற்றிய நாவலுக்கு, வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று அன்றைக்கே சிலர் சண்டைக்கு வந்தார்கள். முடிவு தெரிந்த பிறகு ஒரு முறை, ஏமாற்றினாரா என்று பார்ப்பதற்காகவே, அதைப் பென்சிலும் கையுமாக மறுபடியும் படித்தேன். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனேன். கோடு போட்ட ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. நான்தான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு பிடித்தும் அதை அக்காவுக்கு முதல் புத்தகமாகக் கொடுக்கவில்லை. காரணம் பெயர்கள். ஒரு மாளிகை, அதில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் இரண்டாவது அத்தியாயத்துக்குள் வந்து நின்றுவிடுவார்கள். கர்னல் ஒருவர், டாக்டர் ஒருவர், செயலாளர், சமையல்காரி, பட்லர், மருமகன், மருமகனுக்கு நிச்சயமான பெண். பழக்கமான வாசகருக்கு இது விருந்து. வாசிப்பை விட்டு வெகுநாள் ஆனவருக்குக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்திய மாதிரி. இருபது நிமிஷம் படித்து மூன்று மணி நேரம் விட்டுத் தொடங்கினால் யார் யார் என்றே தெரியாது.

பிறகு நான்காவது வாரத்தில் கொடுத்தபோது அக்கா ஒரு காரியம் செய்தாள். பழைய மணியார்டர் பாரம் ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாப் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'செத்தவர் தம்பி', 'பொய் சொல்றா', 'நல்லவர் மாதிரி தெரியுது' என்று குறிப்பும் வைத்து, அதையே புத்தக அடையாளமாக வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்கு ஒரு தடங்கலும் இல்லை. கிறிஸ்டியைத் தொடங்குகிற எல்லோருக்கும் நான் இப்போது இந்த வழியைத்தான் சொல்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் அவள் சொன்னது வேறு: "எல்லாம் சரிடா. ஆனா செத்தவருக்காக அந்த வீட்டுல ஒருத்தர்கூட அழலையே?" உண்மை. கிறிஸ்டியின் வீடுகளில் பிணம் ஒரு புதிர். பிணம் கிடந்தாலும் சாயங்கால டீ சரியான நேரத்துக்கு வந்துவிடும். யார் செய்தது என்கிற கேள்வி அவ்வளவு சுத்தமாக இயங்குவதற்கு அந்தத் துக்கத்தை வெளியே வைக்க வேண்டியிருக்கிறது. புதிர் வேண்டும் என்பவர் இதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

ஷெர்லக் ஹோம்ஸ் ஐஸ் பைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தார். 4 நாவல், 56 சிறுகதை. சிறுகதை ஒன்று நாற்பது நிமிஷம், அதாவது இரண்டு ஐஸ் பை. பெயர்களும் குறைவு: ஹோம்ஸ், அவர் நண்பர் வாட்சன், குறையோடு வருகிறவர், சந்தேகத்துக்குரிய இரண்டு பேர். முதல் நாவல் 1887இல் வந்தாலும், 1891 முதல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிறுகதைகள் வரத் தொடங்கிய பிறகுதான் ஹோம்ஸ் பெரும் புகழ் பெற்றார். இன்றைக்கும் என் ஆலோசனை அதுதான்: நாவல்களை விட்டுவிட்டுச் சிறுகதையில் தொடங்குங்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன.

குறை என்னவென்றால், அக்காவின் நிபந்தனைப்படி பார்த்தால் ஹோம்ஸ் பல நேரம் நேர்மையாக ஆடுவதில்லை. அவர் குனிந்து தரையிலிருந்து எதையோ எடுப்பார், உறைக்குள் போட்டுக்கொள்வார். அது என்ன என்று வாட்சனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடைசியில்தான் சொல்வார். நாம் கூட ஆடுகிற ஆட்டம் இல்லை இது, வித்தைக்காரர் எதிரில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம். ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது அவருக்குப் பாடம் எடுத்த ஜோசப் பெல், நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய தொழிலையும் ஊரையும் சொல்லிவிடுவாராம். ஹோம்ஸ் அங்கிருந்து பிறந்தவர். ஆகவே நம்மை வியக்க வைப்பதுதான் அவர் வேலை. ஒரு பந்தயக் குதிரை காணாமல் போகிற கதை மட்டும் விதிவிலக்கு. அன்றிரவு நாய் குரைக்கவில்லை என்பதை நமக்கும் சொல்லிவிட்டு, அதிலிருந்து நாம் எதையும் பிடிக்காமல் போக, ஹோம்ஸ் மட்டும் பிடிப்பார். அது ஒன்று போதும் அவர் பெயர் சொல்ல. துப்பறிபவரோடு போட்டி போட விரும்பாதவருக்கு, அசதியாக இருக்கும் நாளுக்கு, ஹோம்ஸ் மிக நல்ல துணை. ஒரு முழுப் புத்தகத்தில் மூழ்க வேண்டும் என்று ஏங்குகிறவருக்கு இது காணாது.

அமெரிக்கக் கறார் துப்பறிவாளர் வகையை, ரேமண்ட் சாண்ட்லர் மாதிரியானவர்களை, நான் பையில் வைக்கவே இல்லை. 1939இல் வந்த அவருடைய முதல் நாவலில் ஒரு டிரைவர் செத்துப்போவார். அதைப் படமாக்கியவர்கள் அவரைக் கொன்றது யார் என்று கேட்டபோது சாண்ட்லருக்கே தெரியவில்லை என்பது பிரபலமான கதை. மொழிக்காகவும் ஊரின் இருட்டுக்காகவும் படிக்க வேண்டியவை அவை. முடிச்சு அவிழ வேண்டும் என்று கேட்கிற அக்காவுக்கு ஆகாது.

பாரிசின் மெக்ரே இன்ஸ்பெக்டர் கதைகளை ஒரு நம்பிக்கையில் எடுத்துப் போனேன். பெல்ஜியத்தில் பிறந்த ஜார்ஜ் சிமெனோன் எழுதியவை, 1931 முதல் 1972 வரை 75 நாவல். ஒவ்வொன்றும் நூற்றைம்பது பக்கத்துச் சில்லறை, கையில் பிடித்தால் கனமே தெரியாது. மெக்ரே தடயம் பொறுக்குவதை விட, செத்தவர் வாழ்ந்த தெருவில் போய் உட்கார்ந்து, அங்கேயே பீர் குடித்து, வாசல் காக்கிற அம்மாளிடம் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் இந்த மனுஷன் ஏன் இப்படிச் செய்தான் என்பதைப் புரிந்துகொள்கிறவர். யார் என்பதை விட ஏன் என்பதுதான் அவருக்குக் கேள்வி. வீட்டுக்கு வந்தால் மனைவி சமைத்து வைத்திருப்பார். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

எனக்கு இரவில் தூங்குவதற்கு முன்னால் படிக்க இதைவிடப் பிடித்த தொடர் இல்லை. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுவும் நடக்க மாட்டேங்குதே" என்றாள். இரண்டு வாரத்துக்கு மேல் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பவளுக்கு, எதுவும் நடக்காத மழைக்காலத் தெருவைக் கொடுத்தது என் தப்பு. வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர் வேகத்தைத்தான் தேடுவார். பகல் முழுக்க அலைந்து திரிந்து வருகிறவருக்குத்தான் மெக்ரேயின் நிதானம் இனிக்கும்.

அடுத்தது ஜப்பான்காரர், கெய்கோ ஹிகாஷினோ. நான் கொடுத்தது அவருடைய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. 2005இல் ஜப்பானில் வந்து, அங்கே நவோகி என்கிற இலக்கிய விருது வாங்கி, 2011இல் ஆங்கிலத்துக்கு வந்த நாவல். அக்காவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஆனால் இதன் ஆங்கிலம் எளிது, வாக்கியங்கள் குட்டையானவை. தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த முன்னாள் கணவனை ஒரு பெண் கைமீறிய நிமிஷத்தில் கொன்றுவிடுகிறாள். அது ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சத்தத்தைக் கேட்டு வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கொலையாளி யார் என்று தெரிந்துவிட்ட பிறகு முந்நூறு பக்கத்துக்கு என்ன இருக்கும் என்று யோசிக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் இது. போலீஸ் பிடிக்குமா என்பது ஒரு பதற்றம். பிடிபடக் கூடாது என்று நாமே வேண்டிக்கொள்வது இன்னொரு பதற்றம். இவற்றுக்கு அடியில், நாம் கேட்கவே தோன்றாத ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார் அந்த எழுத்தாளர். பதில் வரும்போது, ஆரம்ப அத்தியாயங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கும். கிறிஸ்டியின் நேர்மை, அதோடு கிறிஸ்டி வெளியே வைத்த கண்ணீர், இரண்டும் ஒன்றாக.

அக்கா அதை முடித்தது ராத்திரி பதினொன்றரை மணிக்கு. உடனே போன். ஒன்றும் பேசவில்லை கொஞ்ச நேரம். அப்புறம், "அந்த வாத்தியார் பாவம்டா" என்றாள்.

பெயர்கள் ஜப்பானியப் பெயர்கள்தான். ஆனால் முக்கியமானவர்கள் ஐந்தாறு பேர், ஒவ்வொருவரும் தனியாக வந்து மனதில் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் வருகிறார். பெயர் அந்நியமாக இருப்பதில் பெரிய கஷ்டம் இல்லை, ஒரே நேரத்தில் கூட்டமாக வருவதுதான் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது நம்முடையவை. அக்காவுக்கு நான் முதன்முதலாகக் கொடுத்தது இங்கிருந்துதான், அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தமிழில் இந்த வகைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று தொடங்கி, தேவனின் நகைச்சுவைத் துப்பறிவாளர் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், அப்புறம் 1980களின் மாத நாவல் வெள்ளம். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி என்று துப்பறியும் ஜோடிகள். ராஜேஷ்குமார் மட்டும் 1,500க்கும் மேல் எழுதியிருக்கிறார். கோவையில் ஒரு கதை, சென்னையில் ஒரு கதை என்று இரண்டு தடத்தை மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் இரண்டையும் ஒரு புள்ளியில் முட்ட வைக்கிற அவருடைய உத்தி, ஐஸ் பை நேரத்துக்கு மிகவும் பொருந்தும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கோடுதான் முடியும்.

நேர்மை என்கிற கணக்கில் மாத நாவல்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். நூறு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும், மாதாமாதம் அச்சுக்குப் போக வேண்டும். அதனால் முதல் தொண்ணூறு பக்கம் பறக்கும், கடைசி ஐந்து பக்கத்தில் யாராவது நின்று எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். நமக்குத் தெரியாத ஒரு அண்ணன் தம்பி விவகாரம் அங்கேதான் முதல் தடவையாக வரும். ஆனால் அந்தத் தொண்ணூறு பக்க வேகம் சாதாரண விஷயமில்லை. வாசிப்பை விட்டவரைத் திரும்ப இழுத்து உட்கார வைக்க அதைப் போல வேறில்லை.

இதில் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் தனி. அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். 1960களின் கடைசியில் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' மூலம் கணேஷ் வந்தார், வசந்த் பின்னால் சேர்ந்துகொண்டான். துப்பறிபவர்கள் போலீஸ் இல்லை, வக்கீல்கள். அதனால் கொலையைச் செய்தது யார் என்பதோடு, கோர்ட்டில் அதை நிரூபிக்க முடியுமா என்கிற கேள்வியும் கூடவே ஓடும். 1980களின் தொடக்கத்தில் வந்த 'கொலையுதிர் காலம்' தொடரில், நடப்பது பேயா, அறிவியலா என்று கணேஷும் வசந்த்தும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவதை வாரா வாரம் காத்திருந்து படித்த தலைமுறை அக்காவுடையது. பேச்சு அவ்வளவு இயல்பாக இருக்கும். வசந்த்தின் விடலைத்தனமான பேச்சில் சில இன்றைக்குப் படிக்கும்போது நெருடுகிறது, பெண்களைப் பற்றிய வர்ணனைகள் முக்கியமாக. அதை மறைத்துவிட்டுப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, கொடுக்கும்போதே அக்காவிடம் சொன்னேன். "அப்பவே எரிச்சலா இருக்கும்டா, தாண்டிப் படிச்சுடுவேன்" என்றாள்.

ஆக, எடுத்த முடிவு இது. முதலில் சுஜாதா, இரண்டு நாள். அடுத்து இரண்டு மாத நாவல், ஒரே மதியத்தில். அங்கே பழக்கம் திரும்பிவிட்டது, இருபது நிமிஷம் முடிந்து ஐஸ் பையை எடுத்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். மெக்ரே இடறியது மூன்றாவது வாரம், அந்த இடத்தை ஹோம்ஸ் சிறுகதைகள் சரிக்கட்டின. நான்காவது வாரம் கிறிஸ்டி, ஐந்தாவது வாரம் ஹிகாஷினோ. இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் ஹிகாஷினோவை முன்னால் கொண்டுவந்து, மெக்ரேயை அவள் கோவில் குளம் என்று நடமாட ஆரம்பித்த பிறகு கொடுப்பேன்.

இதே வரிசை எல்லோருக்கும் ஆகாது. குறுக்கெழுத்து, சுடோகு என்று மண்டையைக் கசக்க விரும்புகிற கல்லூரிப் பையனுக்கு நேராகக் கிறிஸ்டி. கொலை, ரத்தம் என்றாலே ஒவ்வாதவருக்குச் சாம்பு. தினமும் ரயிலில் முக்கால் மணி நேரம் போய் வருகிறவருக்கு ஹோம்ஸ். குடும்பக் கதைதான் பிடிக்கும், கொலைக் கதை வேண்டாம் என்கிறவருக்கு நான் எதுவும் பேசாமல் ஹிகாஷினோவைக் கையில் கொடுப்பேன். எந்தப் புத்தகமானாலும் பின்னட்டையையும் முன்னுரையையும் கடைசியில் படியுங்கள். முடிவை முன்னுரையிலேயே உடைத்துவிட்ட பதிப்பு ஒன்று எனக்கு வாய்த்தது, அந்த நாவலை இன்றுவரை நான் நிம்மதியாகப் படிக்கவில்லை.

கடைசி வாரம் போனபோது அம்மாவின் பழைய பெட்டியிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கோத்து, காலிக்கோ அட்டை போட்டு வைத்த ஒரு கணேஷ்–வசந்த் தொடர். பக்கங்கள் பழுப்பேறி, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தலைவலித் தைல விளம்பரங்களோடு இருந்தது. நடுவில் ஒரு வாரம் இல்லை. பதினொன்றுக்கு அப்புறம் பதின்மூன்றுதான் இருந்தது. இதை எப்படிப் படிப்பாள் என்று நான் தயங்கியபோது, அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாக்கரைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, "உட்காரு" என்றாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் படித்த அந்தப் பன்னிரண்டாவது அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.